கரி எடுத்த மண்ணில் வீடு: ஆர்கிரீவ் நிலம் வேவர்லி ஆன விதம்

இங்கிலாந்தின் தெற்கு யார்க்‌ஷயரில், ஷெஃபீல்டுக்கும் ராதர்ஹாமுக்கும் நடுவே வேவர்லி என்று ஒரு புதிய குடியிருப்பு இருக்கிறது. செங்கல் வீடுகள், சின்னச் சின்னத் தோட்டங்கள், ஏரிக்கரையில் நடைபாதை. பார்வைக்குச் சாதாரணப் புறநகர்தான். ஆனால் வீடுகளுக்கு ஊடே நீளவாக்கில் ஒரு பூங்கா போகிறது. வீட்டு மனையாக விற்றால் நல்ல விலை போகும் இடம். அந்தப் பட்டையை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்? பதில் பூங்காவின் பெயரிலேயே இருக்கிறது: ஹைவால் பார்க்.

திறந்தவெளிச் சுரங்கத்தில் தோண்டிக்கொண்டே போகும்போது, தோண்டாமல் விட்ட பாறை ஒரு பக்கம் செங்குத்துச் சுவராக நிற்கும். அதைத்தான் சுரங்கக்காரர்கள் ஹைவால் என்பார்கள். வேலை முடிந்து பள்ளத்தை மண் போட்டு நிரப்பியதும் சுவர் கண்ணுக்கு மறைந்துவிடும். தரைக்குக் கீழே அது அப்படியேதான் இருக்கும். ஒரு பக்கம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அசையாத பாறை, மறுபக்கம் நேற்று கொட்டிய மண். பாறை அமுங்காது, மண் அமுங்கும். இரண்டின் மேலும் ஒவ்வொரு கால் வைத்து நிற்கும் வீடு விரிசல் விடாமல் இருக்காது. அதனால் அப்படிப்பட்ட கோட்டின் மேல் பொறியாளர்கள் வீடு கட்டவிட மாட்டார்கள். புல்லும் மரமும் நடைபாதையும் வரலாம்.

எங்கே வீடு வரலாம், எங்கே வரக்கூடாது என்பதை இங்கே மண்தான் முடிவு செய்திருக்கிறது. ஆகவே இந்த ஆய்வில் பெரும்பகுதி தரைக்குக் கீழேயே இருக்கப்போகிறோம். மூடிய நிலக்கரிச் சுரங்கத்தின் மேல் வீடு கட்டுவதில் செலவும் ஆபத்தும் திறமையும் அங்கேதான் இருக்கின்றன.

நிலம் வந்த வழி

ஆர்கிரீவ் சுரங்கம் 1851-இல் கரி கொடுக்கத் தொடங்கியது. முதல் உலகப் போர் முடிந்த காலத்தை ஒட்டி அதன் பக்கத்திலேயே கோக் ஆலை எழுந்தது. காற்றுப் படாமல் உலையில் கரியைச் சுட்டு எடுப்பதுதான் கோக். இரும்பு உருக்க அது வேண்டும். சுரங்கத்தை 1981-இல் மூடினார்கள். கோக் ஆலை 1990 வரை ஓடியது. நடுவில் 1984 ஜூன் 18 என்று ஒரு நாள் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆலையும் மூடியபின் மிஞ்சியது சுமார் 740 ஏக்கர் நிலம். கழிவு மேடுகள், தார் ஊறிய ஆலை மண், செங்குத்துக் கிணறுபோல் இறங்கும் ஷாஃப்ட்டுகள், தரைக்கு அருகிலேயே பழைய காலத்தவர் குடைந்துவிட்டுப் போன வெற்றிடங்கள், அப்புறம் யாரும் எடுக்காமல் விட்ட கரி. ஓரத்தில் ராதர் ஆறு. சுற்றிலும் கேட்கிளிஃப், ட்ரீட்டன், ஹேண்ட்ஸ்வொர்த் என்று சுரங்கத்தையும் ஆலையையும் நம்பியிருந்த ஊர்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லவேண்டும். பழைய சுரங்க நிலம் என்று ஒரே பேச்சாகச் சொன்னாலும், அதற்குள் பல நிலங்கள் இருக்கின்றன. ஷாஃப்ட்டும் கட்டடங்களும் இருந்த முற்றம் ஒன்று. கழிவு மேடு இன்னொன்று. மேலே பச்சையாக, கீழே பொந்தாக இருக்கும் வயல் மற்றொன்று. கோக் ஆலை இருந்தால் அது இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது. ஒவ்வொன்றின் நோயும் வேறு, மருந்தும் வேறு. ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒரு சீரமைப்புச் செலவு போடும் திட்ட அறிக்கையை நான் நம்புவதே இல்லை.

ஆழமும் ஆபத்தும்

பிரிட்டனில் பதிவில் உள்ள சுரங்க வாய்கள் மட்டும் 1,70,000-க்கும் மேல். பதிவில் வராதவை தனி. கைவிட்ட சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைக்கவேண்டும் என்ற சட்டம் 1872-இல்தான் வந்தது. அதற்கு முன் மூடியவற்றுக்குப் பெரும்பாலும் காகிதமே கிடையாது. இந்தப் பதிவுகளை 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நிலக்கரி ஆணையம் பாதுகாத்து வந்தது. 2024 நவம்பரில் அதன் பெயர் சுரங்கச் சீரமைப்பு ஆணையம் என்று மாறியது. சுரங்கப் பகுதியில் அதிக ஆபத்து என்று அது குறித்து வைத்திருக்கும் இடத்தில் வீடு கட்ட விண்ணப்பித்தால், சுரங்க அபாய மதிப்பீடு ஒன்றை இணைக்கவேண்டும். கரிப் படுகையைப் பார்க்கத் துளை போடுவதற்குக்கூட ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

எவ்வளவு ஆழமாகத் தோண்டினார்களோ அவ்வளவு ஆபத்து என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் நிலைமை தலைகீழ். இருபதாம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில், நீண்ட முகப்பு வைத்து முழுப் படுகையையும் எடுத்த இடங்களில், எடுத்த கையோடு மேல்பாறை விழுந்து மூடிக்கொள்ளும். மேலே தரை இறங்கும், வீடுகளும் சாலைகளும் சேதமாகும், சில வருடங்களில் எல்லாம் அடங்கிவிடும். 1981-இல் மூடிய சுரங்கத்தின் ஆழமான பகுதி 2000-களில் ஏறக்குறைய அடங்கிய நிலம்தான்.

பயப்படவேண்டியது பழையவர்கள் கையால் குடைந்த ஆழமில்லாத வேலைகளுக்கு. அவர்கள் கூரை விழாமலிருக்கக் கரியிலேயே தூண்களை விட்டுவிட்டு, நடுவில் உள்ளதை எடுத்தார்கள். அந்தத் தூண்கள் நூறு, நூற்றைம்பது வருடம் நின்றுவிட்டு ஒரு நாள் நொறுங்கும். கூரை விழும். அந்த வெற்றிடம் மெல்ல மெல்ல மேல்நோக்கி ஏறும். பாறை உடையும்போது உப்பிக்கொள்வதால் போதிய கனம் பாறை மேலே இருந்தால் வெற்றிடம் நடுவழியிலேயே அடைபட்டுவிடும். படுகையின் தடிமனைப்போல் பத்து மடங்கு பாறை மேலே இருந்தால் பொதுவாகப் பயமில்லை என்று பொறியாளர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்றரை மீட்டர் படுகை என்றால் 15 மீட்டர் பாறை. மேலே இருக்கும் களிமண்ணும் கொட்டிய மண்ணும் கணக்கில் சேராது, பாறை மட்டும். இது தொடக்கக் கணக்குதான். துளை போட்டுப் பார்க்காமல் இதை மட்டும் வைத்து யாரும் அஸ்திவாரம் போடக்கூடாது.

பாறை போதவில்லை என்றால் வழக்கமான வழி கிரவுட்டிங். மூன்று முதல் ஆறு மீட்டருக்கு ஒன்றாகத் துளை போட்டு, சிமெண்டும் அனல்மின் நிலையச் சாம்பலும் கலந்த கூழை உள்ளே செலுத்தி வெற்றிடத்தை அடைப்பார்கள். எவ்வளவு கூழ் குடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது கஷ்டம், பட்ஜெட் உடைவது பல நேரம் இங்கேதான். ஷாஃப்ட்டுகளை நிரப்பி, அதன் விட்டத்தைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு அகலத்துக்குக் கம்பி வைத்த கான்கிரீட் மூடி போடுவார்கள். மூடி போட்டாலும் அதன் மேல் வீடு கட்டுவதில்லை. திட்ட வரைபடத்தில் அந்த இடம் புல்வெளியாகவோ வண்டி நிறுத்துமிடமாகவோ இருக்கும்.

இரண்டாம் முறை தோண்டியது

ஆர்கிரீவ் நிலத்தில் எடுத்த வழி இதைவிடத் துணிச்சலானது. மீண்டும் தோண்டினார்கள். 1990-களின் நடுவில் தொடங்கி 2000-களின் நடுப்பகுதி வரை அந்த நிலத்தின் பெரும்பகுதி திறந்தவெளிச் சுரங்கமாக இருந்தது. நடத்தியது யூகே கோல் நிறுவனமும் அதன் முந்தைய வடிவமும்.

இதன் தர்க்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். பழைய தூண்களாக நின்றதும் நல்ல கரி. அதையும் எடுக்காமல் விட்ட படுகையையும் மேலிருந்து தோண்டி எடுத்துவிட்டால், அந்த ஆழம் வரைக்கும் வெற்றிடம் என்ற பிரச்சினையே இல்லாமல் போகிறது. கிரவுட்டிங்கில் கூழ் ஊற்றி ஊகமாக அடைக்கும் பொந்து இங்கே கண்முன் திறக்கிறது. வரைபடத்தில் இல்லாத ஷாஃப்ட் வெளியே வருகிறது. மாசு மண்ணைத் தனியே ஒதுக்க வழி பிறக்கிறது. எடுத்த கரியை விற்ற பணம் இத்தனை வேலைக்கும் செலவாகிறது. நிலத்தைக் கெடுத்த பொருளே நிலத்தைச் சீராக்கும் கூலியையும் கொடுத்தது.

இதற்கு முன்மாதிரி தூரத்தில் இல்லை. பக்கத்து மாவட்டமான டெர்பிஷயரில் ஆர்க்ரைட் டவுன் என்ற சின்னச் சுரங்கக் கிராமத்தில் 1988-இல் வீடுகளுக்குள் மீத்தேன் புகுந்தது. மக்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. அரசு நிலக்கரி நிறுவனமான பிரிட்டிஷ் கோல் ஒரு யோசனை சொன்னது: எதிரே புதிய கிராமம் கட்டித் தருகிறோம், பழைய கிராமத்தை இடித்துவிட்டு அந்தப் பகுதியில் திறந்தவெளிச் சுரங்கம் தோண்டுகிறோம். 1990-களின் நடுவில் ஊரே சாலைக்கு அந்தப் பக்கம் குடிபெயர்ந்தது. ஒரு முழு ஊரின் இடமாற்றத்துக்குக் கரி பணம் கொடுத்தது.

அக்கம்பக்கத்தில் இருந்தவர்களுக்கு இது இலவசமாகக் கிடைக்கவில்லை. வெடியோசை, தூசி, லாரி. ஆலை போய்விட்டது, இனிமேலாவது நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்திருந்தவர்கள் அடுத்த பத்து வருடம் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரும் பள்ளத்தோடு வாழவேண்டியிருந்தது. திட்டத்தின் லாபக் கணக்கில் இந்தப் பத்து வருடம் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. வரவேண்டும்.

இன்னொன்று: இதை இப்போது திரும்பச் செய்ய முடியாது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று மூடிவிட்டது. கரியை வாங்க ஆளில்லை, தோண்ட அனுமதி கேட்டால் பருவநிலைக் கொள்கை குறுக்கே நிற்கிறது, அது நியாயமும்கூட. ஆகவே வேவர்லியைக் காட்டி ‘அங்கே முடிந்ததே, இங்கே ஏன் முடியாது’ என்று கேட்கும் ஒவ்வொருவரிடமும் கேட்கவேண்டிய முதல் கேள்வி: உங்கள் நிலத்தில் கரி கொடுத்த பணத்துக்குப் பதில் யார் பணம்?

தார் ஊறிய மண்

கோக் உலையிலிருந்து கோக் மட்டும் வராது. தார், பென்சீன், ஃபீனால், அம்மோனியா, வாயுவைச் சுத்தம் செய்யும்போது சேரும் சயனைடுக் கலவைகள் எல்லாம் வரும். இவை தொட்டியிலிருந்தும் குழாயிலிருந்தும் எழுபது வருடம் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்கியிருக்கும். சயனைடு கலந்த இரும்புக் கழிவு நீல நிறமாக இருக்கும், தோண்டும்போது அந்த நிறத்தைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

லேசாக மாசான மண்ணைக் குவித்து, காற்றும் ஈரமும் உரமும் கொடுத்து, நுண்ணுயிர்களைக் கொண்டே தாரைச் சிதைக்கலாம். கனமான தார் அதற்கு மசியாது. செஸ்டர்ஃபீல்டுக்கு அருகே அவென்யூ கோக் ஆலை என்று ஒன்று 1992-இல் மூடியது. ஐரோப்பாவிலேயே மிக மோசமாக மாசடைந்த இடங்களில் ஒன்றாக அதைச் சொன்னார்கள். அங்கே மண்ணைச் சூடாக்கி மாசை ஆவியாக்கிப் பிரித்தெடுக்கும் ஆலையையே களத்தில் நிறுவவேண்டி வந்தது. பொதுப்பணத்தில் 10 கோடி பவுண்டுக்கு மேல் போனது, வேலை முடிய 2010-களின் பிற்பகுதி ஆனது. கோக் ஆலை இருந்த நிலத்தையும் வெறும் சுரங்க முற்றத்தையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்று மேலே சொன்னதற்கு இதுதான் சாட்சி.

வேவர்லியின் வரைபடத்தைப் பாருங்கள். முழு நிலமும் வீடாக ஆகவில்லை. ஒரு பெரிய பகுதி தொழிற்பூங்கா, இன்னொரு பகுதி ஏரியும் திறந்தவெளியும். தொழிற்கூடத்தின் கான்கிரீட் தரைக்குக் கீழே இருக்கத்தக்க மண், குழந்தை விளையாடித் தக்காளிச் செடி வைக்கும் தோட்டத்துக்கு ஆகாது. எந்த மண் எதற்குத் தாங்கும் என்று பார்த்து நிலத்தைப் பங்கிடுவது சுத்தம் செய்வதைவிட மலிவு, பல நேரம் அதைவிடப் பாதுகாப்பும்கூட.

கழிவு மேட்டு மண்ணுக்கும் தனிக் குணம் உண்டு. அதில் பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இருக்கும். காற்றும் நீரும் பட்டால் அமிலமாகும். சல்ஃபேட் உண்டாகி சாதாரண கான்கிரீட்டை அரிக்கும். அதனால் இப்படிப்பட்ட மண்ணில் அஸ்திவாரத்துக்குச் சல்ஃபேட்டைத் தாங்கும் கான்கிரீட் வேண்டும். கழிவில் மிச்சக் கரி கலந்திருப்பதால் இறுக்கமில்லாமல் குவித்தால் உள்ளேயே புகைந்து எரியும் ஆபத்தும் உண்டு.

காத்திருப்பு

பள்ளத்தை நிரப்பியதும் வீடு கட்டிவிட முடியாது. மெல்லிய அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் ரோலர் ஓட்டி இறுக்கினாலும், பத்திருபது மீட்டர் மண் தன் எடையிலேயே இறங்கிக்கொண்டிருக்கும். வேகம் குறைந்துகொண்டே வரும். நிரப்பிய முதல் வருடத்துக்கும் பத்தாம் வருடத்துக்கும் இடையில் எவ்வளவு இறங்குமோ, பத்தாம் வருடத்திலிருந்து நூறாம் வருடம் வரைக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் இறங்கும். முதல் சில வருடம் பொறுத்தால் பெரும்பங்கு சேதம் தவிரும் என்பது இந்தக் கணக்கு சொல்லும் செய்தி.

இதைவிடத் தந்திரமானது நீர். தோண்டும் காலத்தில் பம்பு வைத்து நிலத்தடி நீரைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள். வேலை முடிந்து பம்பை நிறுத்தினால் நீர் மெதுவாக ஏறி, கொட்டிய மண்ணுக்குள் புகும். இறுக்கம் போதாத மண் நனைந்ததும் திடீரென்று அமுங்கும். 1970-களில் நார்தம்பர்லாந்தின் ஹார்ஸ்லியில், நிரப்பிய திறந்தவெளிச் சுரங்கம் ஒன்றில் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் கருவிகள் வைத்து இதை அளந்து காட்டினார்கள். வருடக்கணக்கில் அமைதியாக இருந்த நிலம் நீர் ஏறியதும் இறங்கியது. அதன்பிறகு, நிரப்பிய நிலத்தில் கட்டுவதற்கு முன் ‘நீர் மட்டம் தன் பழைய இடத்துக்கு வந்துவிட்டதா’ என்று கேட்பது வழக்கமாயிற்று. வயலாக மட்டும் திருப்பிக் கொடுக்க நினைத்துத் தளர்வாகக் கொட்டிய நிலத்தை, இருபது வருடம் கழித்து ‘எப்படியும் நிரப்பிய நிலம்தானே’ என்று வீட்டு மனைக்கு எடுப்பதுதான் இதில் பெரிய தவறு. வீடு வரப்போகிறது என்பது முதல் லாரி மண் கொட்டும் முன்பே முடிவாகியிருக்கவேண்டும்.

வேவர்லியில் சுரங்கவேலை 2000-களின் நடுவில் முடிந்தது. பெரிய குடியிருப்புக்கான அனுமதி 2011-இல் வந்தது. சுமார் 3,900 வீடுகளுக்கு. அதை ஒட்டி முதல் வீடுகள் எழுந்தன. நடுவில் 2008-இன் நிதி நெருக்கடியில் வீட்டுச் சந்தையே படுத்துவிட்டிருந்தது. முதலீடு போட்டவர்களுக்கு அது வேதனையான காலம். மண்ணுக்கு நல்ல காலம் என்றே நான் நினைக்கிறேன்.

யார் கையில் நிலம்

யூகே கோல் கடனிலும் ஓய்வூதியப் பற்றாக்குறையிலும் மூழ்கியது. 2012 டிசம்பரில் நிறுவனத்தைப் பிரித்தார்கள். சுரங்கம் ஒரு பக்கம், நிலம் மறுபக்கம். நிலத்தை வைத்திருந்த ஹார்வொர்த் எஸ்டேட்ஸில் 75.1 சதவீதப் பங்கு சுரங்கத் தொழிலாளர்களின் ஓய்வூதிய நிதிகளுக்குப் போனது. 2013-இல் டா மில் சுரங்கத்தில் தீப்பிடித்து அது மூடியபின் சுரங்கப் பிரிவு திவாலானது, ஓய்வூதியப் பாதுகாப்பு நிதி அந்தப் பங்கை ஏற்றது. 2015-இல் பங்குகளைத் திரும்ப வாங்கி ஹார்வொர்த் குரூப் என்ற பெயரில் நிலநிறுவனம் தனியாக நின்றது.

எண்ணிப் பார்த்தால், அந்தச் சில வருடங்கள் வேவர்லி மண்ணின் மதிப்பு ஏறுவதும் இறங்குவதும் கரி வெட்டியவர்களின் ஓய்வூதியத்தோடு நேரடியாகக் கட்டப்பட்டிருந்தது. சீரமைப்பு என்றால் ஏதோ நிலத்தரகர் விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும்.

ஹார்வொர்த் தானே வீடு கட்டி விற்கவில்லை. மண்ணைச் சீராக்கி, சாலை, வடிகால், மின்சாரம் போட்டு, பகுதி பகுதியாக வீடு கட்டும் நிறுவனங்களுக்கு விற்றது. இந்தப் பிரிவினை முக்கியம். நிலத்தின் வரலாறு தெரிந்தவர் ஒருவர், வீட்டை விற்பவர் இன்னொருவர். முதலாமவரின் துளைப் பதிவுகளும் மண் பரிசோதனைகளும் இரண்டாமவர் கைக்கும், கடைசியில் வீட்டுக்காரர் கைக்கும் முழுதாக வந்து சேர்ந்தால்தான் முறை வேலை செய்யும். நடுவில் ஒரு காகிதம் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் அடுத்தது.

கோர்பிரிட்ஜில் நடந்தது

ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே கோர்பிரிட்ஜ். அங்கே பழைய சுரங்க வேலைகளுக்கு மேலே உள்ளூர்க் கவுன்சில் 64 வீடுகளைக் கட்டி, 2009 வாக்கில் வாடகைக்குக் கொடுத்தது. 2013 செப்டம்பரில் ஒரு வீட்டில் இருந்தவர்களுக்கு உடல்நலம் கெட்டது. வீட்டுக்குள் கார்பன் டை ஆக்சைடு அதிகமாக இருந்தது. 2014-இல் மேலும் வீடுகளில் அதே கதை. மருத்துவ உதவி நாடியவர்கள் 22 பேர். கடைசியில் 64 வீடுகளையும் காலி செய்து, இடித்தார்கள். குடியேறி ஐந்தாறு வருடம்தான் ஆகியிருந்தது.

கைவிட்ட சுரங்கத்துக்குள் மிச்சக் கரியும் பைரைட்டும் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மிஞ்சுவது நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும். நிறமில்லை, மணமில்லை. சுரங்கத்தில் இருந்தவர்கள் இதற்கு வைத்த பெயர் பிளாக்டாம்ப். வெளியே காற்றழுத்தம் குறையும்போது சுரங்கம் மூச்சு விடுவதுபோல் இந்த வாயு மேலே வரும். பாறை விரிசல் வழியே, பழைய துளை வழியே, குழாய்ப் பள்ளத்தின் வழியே. வீட்டுக்குள் சூடான காற்று மேலெழும்போது தரையின் இடுக்கில் இருந்து இதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மீத்தேன் என்றால் காற்றில் 5 முதல் 15 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும் என்பதால் எல்லோரும் அதைத்தான் தேடுவார்கள். சத்தமில்லாமல் வரும் மற்றதை விட்டுவிடுவார்கள்.

தடுப்பது கஷ்டமான காரியம் இல்லை. தரைக் கான்கிரீட்டுக்குக் கீழே காற்றோட்டமான இடைவெளி விட்டு, வாயு புகாத விரிப்பைப் போட்டு, குழாய் நுழையும் இடங்களில் கவனமாக ஒட்டி மூடவேண்டும். எந்த அளவு வாயுவுக்கு எவ்வளவு தடுப்பு வேண்டும் என்று பிரிட்டிஷ் தரவிதி பிஎஸ் 8485 புள்ளிக் கணக்காகவே சொல்கிறது. கோர்பிரிட்ஜ் வீடுகளில் அந்த விரிப்பு இல்லை. 2017-இல் வந்த சுகாதாரக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு, சுரங்கப் பகுதிகளில் கட்டும் புது வீடு எல்லாவற்றுக்கும் இந்தத் தடுப்பைக் கட்டாயமாக்குவது பற்றி அங்கே பேச்சு எழுந்தது.

வீடு கட்டும் செலவில் அந்த விரிப்பு மிகச் சிறிய பங்கு. அதை விட்டதற்குக் கொடுத்த விலை 64 குடும்பங்களின் வீடு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது, ஏனென்றால் இதில் தெரியாத அறிவியல் எதுவும் இல்லை. பிளாக்டாம்ப் என்ற பெயரைத் தாத்தாக்கள் கூப்பிட்டுப் பழகியிருந்த ஊர் அது. விரிப்பைப் போட்டால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பிளம்பர் ஒருவர் அவசரத்தில் அதைக் கிழித்துக் குழாய் விட்டால் போட்டும் பயனில்லை. கான்கிரீட் ஊற்றும் முன் ஒவ்வொரு வீட்டின் விரிப்பையும் தனி ஆள் ஒருவர் பார்த்துக் கையெழுத்து போடவேண்டும்.

வேலை முன்னால், பள்ளி பின்னால்

வேவர்லியில் வீடுகளுக்கு முன்பே வேலை வந்தது. 2001-இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் போயிங்கும் சேர்ந்து தொடங்கிய உற்பத்தி ஆராய்ச்சி மையம் இங்கே உள்ள தொழிற்பூங்காவில் வளர்ந்தது. பின்னால் ரோல்ஸ் ராய்ஸ் விமான இஞ்சின் டர்பைன் இதழ்களை வார்க்கும் ஆலையை வைத்தது. 2018-இல் மெக்லாரன் கார்பன் இழை ஆலையைத் திறந்தது. கோக் போன இடத்தில் உலோகமும் கார்பனும் திரும்ப வந்தன, சுரங்க ஊரில் இதைவிட நல்ல ஆரம்பம் கேட்க முடியாது. பல பழைய சுரங்க நிலங்களில் வேலை வராமல் வீடு மட்டும் வந்து, காலையில் எல்லோரும் காரில் வேறு ஊருக்குப் போகிற தூங்குமிடமாக ஆகிவிட்டது.

குறை வேறு பக்கம். முதல் குடும்பங்கள் குடிவந்து பல வருடம் கழித்து, 2020-இல்தான் வேவர்லி ஜூனியர் அகாடமி திறந்தது. கடைகளும் மருத்துவ வசதியும் சேர்ந்த ஊர்மையம் அதற்கும் பிறகு. வீடு இத்தனை ஆனபின் பள்ளி, இத்தனை ஆனபின் கடை என்று ஒப்பந்தத்தில் எழுதுவது வழக்கம், ஏனென்றால் வீடு விற்ற பணத்தில்தான் மற்றதைக் கட்டுகிறார்கள். கட்டுபவருக்கு அது புரிகிற கணக்கு. ஐந்து வயதுக் குழந்தையோடு முதல் வருடமே குடிவந்தவருக்கு, பள்ளி திறக்கும்போது அந்தக் குழந்தை வளர்ந்திருக்கும். மண்ணைச் சீராக்கப் பத்து வருடம் பொறுமையாகச் செலவழித்தவர்கள், பள்ளியை இரண்டு வருடம் முன்னால் இழுத்திருக்கலாம்.

ஏரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல அவை. நிரப்பி இறுக்கிய நிலத்தில் மழைநீர் வேகமாக உள்ளே இறங்காது, இறங்கவும் விடக்கூடாது. கூரையிலும் சாலையிலும் விழுவதைத் தேக்கி மெதுவாக ராதர் ஆற்றுக்கு விடவேண்டும். பக்கத்துக் கேட்கிளிஃப் 2007 ஜூன் வெள்ளத்தில் மூழ்கிய ஊர்.

பெயர்

1984 ஜூன் 18. நாடு முழுக்கச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். ஆர்கிரீவ் கோக் ஆலையிலிருந்து ஸ்கந்தார்ப் எஃகு ஆலைக்குக் கோக் ஏற்றிப் போகும் லாரிகளை நிறுத்த ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். ஆயிரக்கணக்கில் போலீசும் காத்திருந்தது. குதிரைப் படை கூட்டத்துக்குள் பாய்ந்தது. 95 பேர் மீது வழக்கு போட்டார்கள். அடுத்த வருடம் நீதிமன்றத்தில் போலீஸ் சாட்சியம் நிற்காமல் வழக்கு சரிந்தது. 1991-இல் தெற்கு யார்க்‌ஷயர் போலீஸ் 39 பேருக்கு 4,25,000 பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது, தவறை ஒப்புக்கொள்ளாமலே.

அந்தப் பெயர் புதிய குடியிருப்பின் பலகையில் இல்லை. வேவர்லி என்று வைத்தார்கள். புதிதாக வீடு வாங்க வருபவரிடம் ஆர்கிரீவ் என்று சொன்னால் அவர் மனத்தில் குதிரைகளும் தடிகளும் வரும் என்று விற்பவர் நினைத்தால் அது வியாபார நோக்கில் புரிகிறது. ஆனால் நிலத்தின் பதிவை முழுதாகக் கைமாற்றவேண்டும் என்று பொறியாளரிடம் கேட்கிற நாம், பெயர் விஷயத்தில் மட்டும் ஒரு பக்கத்தைக் கிழித்துவிடலாமா? வீட்டு விற்பனைக்கு முன் வக்கீல் எடுக்கும் சுரங்கத் தேடல் அறிக்கையில் ஷாஃப்ட் எங்கே, படுகை எங்கே என்று வரும். இங்கே என்ன நடந்தது என்று வராது.

2025 ஜூலையில் பிரிட்டன் அரசு ஆர்கிரீவ் பற்றிச் சட்டபூர்வமான விசாரணையை அறிவித்தது, தலைமை ஷெஃபீல்டு பிஷப் பீட் வில்காக்ஸ். அன்று அங்கே நின்ற இளைஞர்கள் இப்போது அறுபதையும் எழுபதையும் கடந்தவர்கள். கோக் ஆலை இருந்த நிலத்தைப் பார்க்க அவர்கள் வந்தால், தொழிற்பூங்காவையும் புதிய வீடுகளையும் கடந்துதான் நடக்கவேண்டும். அன்றைய சாலையான ஹைஃபீல்டு லேனின் ஹைஃபீல்டு என்ற பெயர் அங்கே உள்ள சாலைப் பலகையில் இன்னும் இருக்கிறது.